கை நனைக்காத விருந்து

என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் நல்ல மனுஷர்தான். மில்பிடாஸில் சிப் கம்பெனி வேலை. பக்கத்து வீட்டில் கராஜ் கதவு மாட்டிக்கொண்டால்கூட ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆனால் வீட்டுக்கு ஒரு சோபா வாங்குவதென்றாலும் அவர் வாயிலிருந்து "சரி" வந்தாகவேண்டும். கோபிச்செட்டிபாளையத்தை விட்டு வந்து தலை நரைத்துவிட்டது, இந்தப் பிடிவாதத்துக்கு மட்டும் வயசாகவில்லை.

எங்கள் ஒரே மகள் ஓவியா, தகேஷி என்ற ஜப்பான்காரப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனைப் பெற்றவர்கள் எங்களைச் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய ஜப்பானிய உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்தார்கள்.

"வர்றேன். ஆனா கை நனைக்கமாட்டேன்" என்றார் இவர்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் பேசி முடிகிறவரை மாப்பிள்ளை வீட்டாரிடம் சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

"குச்சில எடுத்துச் சாப்பிட்டா கை எங்கீங்க நனையுது?" என்று கேட்டேன். முறைத்தார்.

அந்த விருந்துக்குக் கைசெகி என்று பெயராம். சின்னச் சின்னத் தட்டாக வரும். எல்லாரும் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. முதல் தட்டில் விரல் நீளத்துக்கு மீன், மேலே ஓர் இலை. இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புருஷன் தொடாததை நான் எப்படித் தொடுவது? கிமோனோ கட்டிய பெண் வந்து பார்ப்பாள், எங்கள் தட்டு அப்படியே இருக்கும், குனிந்துவிட்டுப் போவாள். தகேஷியின் அப்பா தன் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சமையல்காரரே வந்து, பிடிக்கவில்லையென்றால் வேறு செய்து தரட்டுமா என்று கெஞ்சினார்.

"ஸ்டமக் ப்ராப்ளம்" என்றார் இவர். வயிறு கடமுடா என்று கத்தியது அந்த அறைக்கே கேட்டது. எனக்கு மானம் போயிற்று.

ஓவியா என்னை ரெஸ்ட்ரூமுக்கு இழுத்துப்போனாள்.

"அம்மா, வி ஆர் ஆல்ரெடி மேரீட். லாஸ்ட் மந்த், சிட்டி ஹால்ல."

"அடிப்பாவி! அவங்களுக்குத் தெரியுமா?"

"தே நோ. அப்பாகிட்ட மட்டும்தான் சொல்லலை... ஐ வாஸ் ஸ்கேர்ட், அம்மா."

இரண்டு பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினோம்.

இவர் என் காதருகே சாய்ந்தார். "பாத்தியா? நான் வாய் வெக்காம ஒண்ணும் நகரலை. இன்னும் யோசிக்கோணும்."

அத்தனை பேர் நடுவில் நான் என்ன சொல்வேன்? சொன்னால் அந்த மனுஷர் அங்கேயே உடைந்துபோவார். சொல்லாமலிருந்தால் நானும் சேர்ந்து ஏமாற்றுகிறேன். எனக்கு அழுகையாக வந்தது. முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனிக் காத்துப் பயனில்லை என்று எங்களைத் தாண்டி மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாக வந்து முடிந்தது. கடைசியில் மண்சட்டியில் சோறு வந்தது. தகேஷியின் அம்மா எழுந்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, இரண்டு கையாலும் ஏந்தி வந்து இவர் முன்னால் மண்டியிட்டு வைத்தார். இவர் சோற்றைப் பார்த்தார். பிறகு மகளின் சிவந்த கண்ணைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு அழுவறே?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் குச்சியை ஒதுக்கிவிட்டு, கையாலேயே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"போகட்டும், கட்டிக்கோ. அப்பா சரின்னுட்டேன்."

ஓவியா அவர் தோளில் விழுந்து தேம்பினாள். சம்பந்தி வீட்டார் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார்கள். இவரும் சந்தோஷமாகக் குனிந்தார். நான் அந்த ஆறிப்போன மீனை எடுத்துத் தின்றேன்.

காரில் ஃப்ரீவே முழுக்க ஒரே சிரிப்பு அவருக்கு. "என்ற சரி இல்லாம நம்மூட்டுல ஒண்ணு நடந்திருக்குதா, ராமாத்தா? தை மாசத்துல முகூர்த்தம் பாக்கச் சொல்லி ஊருக்குப் போன் பண்ணு."

"பண்றனுங்க" என்றேன்.