அண்ணன் இல்லாமல் ஓட்டிய அம்பாசடர்

அந்த அம்பாசடரில் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியவர் என் அண்ணன். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே வருவதாகத்தான் ஏற்பாடு. கடைசியில் நான் ஓட்டினேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் மம்சாபுரத்து வீட்டில் நாற்காலியில் இருந்தார். இதை எந்தப் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாலும் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

அண்ணன் பட்டாளத்தில் டிரைவர். பணிக்காலத்தில் பாதி வடக்கே மலைச்சாலைகளில் லாரி ஓட்டியே கழிந்தது. கூட இருந்த நேபாளி ஒருவர் தன் ஊரைப் பற்றி, முக்திநாத்துக்குப் போகிற பாதையைப் பற்றி, அங்கே ஆற்றுப்படுகையில் அடிக்கிற காற்றைப் பற்றிப் பேசிப் பேசியே அண்ணன் மனதுக்குள் ஒரு ரோடு போட்டுவிட்டார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் அண்ணன் அந்த ரோட்டை விடவில்லை. "கான்வாய்ல போறப்ப நம்ம இஷ்டத்துக்கு நிக்க முடியாதுலே. முன்னாடி போறவன் வாலப் பிடிச்சுக்கிட்டே போகணும். சொந்த வண்டில போகணும். தோணுன எடத்துல நின்னு வேடிக்க பாக்கணும்" என்பார்.

சொந்த வண்டியும் அமைந்தது. ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில், பின் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய மார்க் டூ அம்பாசடர். அதை அண்ணனும் ஒரு மெக்கானிக்கும் சேர்ந்து உயிர்ப்பித்தார்கள். அந்த மெக்கானிக் சாதாரணமாகத் தமிழ் பேசுவார், போல்ட் கழலாவிட்டால் தெலுங்குக்கு மாறிவிடுவார். அவர் தெலுங்கு பேசாத நாள் குறைவு. இன்ஜின் முதன்முதலாக உறுமியபோது அண்ணன் அதன் பானட்டில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

கிளம்ப இருந்த சமயத்தில்தான் அவருக்கு இடது கையும் காலும் விழுந்தன. மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு தெளிவாக இருந்தது, நடைதான் போய்விட்டது. நான் பயணத்தைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. அவர் எடுத்தார்.

"நீ போயிட்டு வாலே."

"நீங்க இல்லாம நான் எதுக்குண்ணே போறேன்? காலு சரியாகட்டும். பொறவு சேந்தே போவோம்."

"அது சரியாகுறப்ப வண்டி மறுபடியும் கோழிக்கூடாயிரும். போ. என்னையும் போன்ல கூட்டிட்டுப் போ."

நான் இரண்டு முறை மறுத்தேன். மூன்றாவது முறை மறுக்கவில்லை. அங்கேதான் என் குட்டு வெளிப்பட்டது. எனக்கும் போக ஆசையிருந்தது, அவருக்கு அது தெரிந்துவிட்டது என்று நினைத்துக் கூசிப்போனேன். எங்கள் சபைக் கோயிலில் எங்களுக்காக ஜெபம் பண்ணினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் பழைய சகா ஒருவர், "நாங்க போகவேண்டிய க்ஷேத்திரத்துக்கு வேதக்காரங்க நீங்க கெளம்பிட்டீங்களே சார்" என்று கிண்டலடித்துவிட்டு, தனக்காக அங்கே ஒரு கும்பிடு போடச் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் ரேடியேட்டரில் அண்ணன் சொல்லச் சொல்ல மெக்கானிக் கூலண்ட் ஊற்றினார். பச்சை நிறத்தில் இருக்கும், குளிரில் உறையாத மருந்து. அதை நான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்து ஆளுக்கு ரேடியேட்டர் என்றால் தண்ணீர்தான். கார் சூடானால் ஓரங்கட்டி, டீக்கடையில் ஒரு சொம்பு வாங்கி ஊற்றுவது எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வருகிற பழக்கம். எங்கள் ஊரில் கார் குளிரால் சாகும் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. நாக்பூர் தாண்டும்போது வண்டி கொதித்தது. ஊற்றினேன். ஜபல்பூரில் ஊற்றினேன். கோரக்பூரில் ஒரு புண்ணியவான் பம்புசெட்டுத் தண்ணீரைக் குடம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார், அதையும் ஊற்றினேன். சுனவுலியில் காருக்கு அனுமதிச்சீட்டு வாங்கி எல்லையைத் தாண்டியபோது, ரேடியேட்டருக்குள் இருந்தது இந்தியாவின் பல மாவட்டத்துத் தண்ணீர்.

"ரேடியேட்டர்ல அந்தப் பச்ச மருந்து இருக்காலே?" என்று அண்ணன் போனில் கேட்டார்.

"இருக்குண்ணே" என்றேன். மூடியைத் திறந்து, பச்சை மிச்சமிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் அவரைக் காணொளியில் கூப்பிடுவேன். அதுதான் எனக்கு நாளின் கஷ்டமான நேரம். அவர் முகத்தைப் பார்த்ததும், இந்த இருக்கையைத் திருடி உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றிவிடும். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். நல்லதாகப் பார்த்த எதையும் சொல்லாமல் விட்டேன். பொக்காராவில் விடியற்காலையில் மலை முழுக்க மஞ்சள் அரைத்துப் பூசியது போல ஆனதை நாங்கள் இருவரும் வாயைப் பிளந்து பார்த்தோம். அவரிடம், "ஒரே மேகம்ணே, ஒண்ணும் தெரியல" என்றேன். வழியில் ஆப்பிள் மரங்களுக்கு நடுவே காரை நிறுத்திச் சாப்பிட்டோம். அந்த ஊர்ப் பிள்ளைகள் அம்பாசடரைச் சுற்றி நின்று ஹாரனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். அவரிடம், "ரோடு மோசம்ணே, குண்டும் குழியும்" என்றேன்.

"போன திருப்பு, வெளிய பாக்குறேன்" என்பார்.

"சிக்னல் விட்டு விட்டு வருதுண்ணே" என்பேன்.

என் மனைவிக்கு இது பிடிக்கவே இல்லை. "எதுக்கு இப்படி முழுங்குறீங்க? பாவம், அவிய ஆசையா கேக்காவ."

"பாத்தா மனசு கஷ்டப்படும்டி. வரமுடியலன்னு நெனைப்பாரு."

"உங்க மனசா, அவிய மனசா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் திரும்பிக்கொண்டால், அதற்கு மேல் பதில் சொல்வது வீண். நான் கியரை மாற்றினேன்.

ஜோம்சோமைத் தாண்டி, முக்திநாத்துக்குக் கீழே ஒரு சின்ன ஊரில் தங்கினோம். அன்றைக்குச் சாயங்காலமே குளிர் எலும்பைத் தொட்டது. விடுதி நடத்திய அம்மாள் சுடச்சுட நூடுல்ஸ் கொடுத்தாள். எங்களிடம் மூன்று கம்பளிகளைத் தள்ளிவிட்டு, காரைக் காட்டி இந்தியில் ஏதோ கேட்டாள். என் இந்தி ரயில்வே பிளாட்பாரத்தோடு முடிந்துபோன இந்தி. "ஆமாம், ஆமாம், பழைய கார்" என்று பெருமையாகத் தலையாட்டிவிட்டு மேலே போய்ப் படுத்தேன்.

காலையில் வண்டி அசையவில்லை. பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடிக்கு அடியில் வெள்ளையாக ஒரு கட்டி. இன்ஜினின் பக்கவாட்டில் கைவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல், அதில் பனிக்கட்டி துருத்திக்கொண்டிருந்தது. விடுதி அம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துவைத்து மெதுவாக விரித்துக் காட்டினாள். தண்ணீர் உறைந்தால் இப்படி ஆகும் என்று.

எனக்கா தெரியாது? ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். குளிர்நாடுகளில் நீர்க்குழாய்கள் வெடிப்பது ஏன் என்று கேள்வித்தாளில் வைப்பேன். வெயிலில் வெந்துகொண்டிருக்கும் பிள்ளைகள், ஒரு பனிக்கட்டியைக் குச்சி ஐஸில் தவிர பார்த்திராத பிள்ளைகள், அதற்குச் சரியாகப் பதில் எழுதுவார்கள். நான் மதிப்பெண் போடுவேன். அத்தனையும் காகிதத்தோடு சரி. என் அண்ணன் பானட்டில் கை வைத்து நின்ற இன்ஜினை என் கையாலேயே பிளந்துவிட்டேன். விடுதிச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி திட்டாமல் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரைக் கீழே இறக்க லாரி மறுநாள்தான் வரும் என்றார்கள். விடுதி அம்மாளின் தம்பி ஜீப்பில் முக்திநாத் கிளம்பிக்கொண்டிருந்தார், எங்களையும் ஏறச் சொன்னார். நான் வரவில்லை என்றேன். என் மனைவி, "இம்புட்டுத் தூரம் வந்துட்டு இந்தக் காருக்குக் காவல் இருக்கப் போறீங்களா?" என்று கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள்.

மேலே போய் இறங்கிய செத்த நேரத்தில் பனி விழ ஆரம்பித்தது. அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாகப் பார்க்கிறோம். சத்தமே இல்லாமல் விழுந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம், ஏதாவது சத்தம் வரும் என்று நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என் மனைவி குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாக்கை நீட்டிப் பனியைப் பிடித்தாள். சபையில் முதல் வரிசையில் உட்காருகிறவள்! நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. கைதட்டிக்கொண்டு அந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன். கார் நினைவில் இல்லை, விரிசல் நினைவில் இல்லை.

அப்போது போன் அடித்தது. அண்ணன். அவர் தானாகக் கூப்பிட்டதே இல்லை, நான் கூப்பிடுவதற்காகத்தான் காத்திருப்பார். அன்றைக்கு ஏனோ கூப்பிட்டார். சிக்னல் நாலு கோடும் இருந்தது. திரையில் என் முகம் தெரிந்தது. சிவந்துபோய், பல்லெல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீர் வர. அவருடைய காரை உடைத்துப் போட்டுவிட்டு இந்த முகத்தோடு எப்படி அவர் முன்னால் நிற்பது? அழைப்பை வெட்டினேன். பிறகு பேசுகிறேன் என்று ஒரு செய்தி அனுப்பினேன். போனைப் பையில் போட்டபோது சிரிப்பு போய்விட்டிருந்தது, பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அன்று இரவு அண்ணனைப் போனில் கூப்பிட்டு இன்ஜின் வெடித்ததைச் சொன்னேன், தண்ணீர் ஊற்றியதையும் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்றார். "அது இரும்புலே. விடு." அந்த "விடு" எல்லை வரைக்கும் லாரியிலும், அங்கிருந்து ரயிலிலும் என் கூடவே வந்தது.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்தோம். கார் ராஜபாளையத்து மெக்கானிக்கிடம் லாரியில் வந்து இறங்கியது. அவர் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் வெகுநேரம் பேசினார். மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து நானும் மனைவியும் மம்சாபுரம் போனோம். மதினி வாசலிலேயே என்னிடம் தாழ்ந்த குரலில், "நீங்க போன நாளெல்லாம் ஒங்க அண்ணன் சாயந்தரமானா சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்ட மாட்டிக்கிட்டு, போனுக்கு முன்னாடி வந்து உக்காந்துக்கிருவாவ. எங்கயோ கெளம்புற மாதிரி" என்றார். என்னால் மதினியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அண்ணன் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். கோயம்புத்தூரில் பழைய இன்ஜின் பிளாக் கிடைக்கும், நானே போய்த் தேடி வாங்கி வருகிறேன் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேல எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணே. வெறும் பாறை. குளிரு. நீங்க வராததே நல்லது."

சொல்லி முடித்ததும் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் அசைத்து என் மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

அவள் சொன்னாள். என்னைக் கேட்காமல், என் பக்கம் பார்க்காமல், பொக்காராவின் விடியலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆப்பிள் மரம், ஹாரனை அமுக்கிய பிள்ளைகள், ஆற்றுப்படுகையில் காரையே தள்ளப் பார்த்த காற்று. அந்தக் காற்றைச் சொன்னபோது அண்ணன், "ஆமா, அது மத்தியானத்துக்கு மேலதான் அடிக்கும்" என்றார், போய் வந்தவர் மாதிரி. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அவரிடமிருந்து மறைத்ததெல்லாம் எம்புட்டு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பனி விழுந்ததைச் சொல்லி முடித்தாள். அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"அப்ப இவன் என்ன செஞ்சான்?"

"சிரிச்சாவ அத்தான். கைதட்டிக்கிட்டு சுத்திச் சுத்தி வந்து, கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சாவ. கல்யாணமான இத்தன வருசத்துல நான் அப்படிப் பாத்ததே இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. கோபத்துக்கு நான் தயாராக வந்திருந்தேன்.

"அதத்தாம்லே நான் பாக்கணும்னு அன்னைக்குக் கூப்பிட்டேன்" என்றார்.