மைக் பிடித்த கை

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கும்போதும் என் வலது கை மைக்கைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது. மைக் ஸ்டாண்ட் இல்லாத அந்தக் கிதார்காரர், சோறு போட்டு என்னை மைக் பிடிக்க வைத்திருந்தார். ஒல்லியான மனிதர். வீட்டில் ரெக்கார்டிங் என்றால் ஃபேனை நிறுத்திவிடுவார். மோவாயில் வேர்வை சொட்டும்.

"கிதார் ஓட்டைக்கு நேரா வச்சா கும்முனு இரையும் மச்சான். கழுத்தாண்ட புடி."

பிடித்தேன். நான் கிளம்பிய அன்று ஹெட்போனில் கேட்டு முகம் சுளித்தார்.

"ஒன் மூச்சு ஜாஸ்தியா வுழுது."

"மூச்சு வுடாம எப்பிடி மாமா?"

மணல் வாளியில் ஒட்டடைக் கொம்பை நட்டு மைக்கைக் கட்டினார். வாசித்து, கேட்டு, சிரித்தார்.

"இது சோறும் கேக்காது."

அவர் கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன்.

மறுநாள் காலை காட்டுமன்னார்கோயில் அரிசி மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். அந்த இரைச்சலில் என் மூச்சு எனக்கே கேட்கவில்லை.