பால் வாங்கப் போகிற தூரம்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு காய்கறிக் கடை. போன வாரம் அங்கே சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி திடீரென்று என் பக்கம் திரும்பி, “நீங்கதானே அந்தப் பத்தி எழுதறவங்க?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். நம்மையும் நாலு பேருக்குத் தெரிகிறது என்றால் கசக்குமா என்ன? வெங்காயம் பொறுக்குவதில்கூட ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

நான் தினமும் காலையில் நடப்பதாக எப்போதோ எழுதியிருந்தேனாம். அதைப் படித்துவிட்டு அவரும் வருஷா வருஷம் ஆரம்பிக்கிறாராம். வெயில் வந்தால் பாதி நின்றுவிடுமாம். மழை வந்தால் மீதியும் போச்சாம். நீங்கள் மட்டும் எப்படி விடாமல் போகிறீர்கள்... உங்கள் மோட்டிவேஷன் என்ன என்று கேட்டார்.

“பால் பாக்கெட்” என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவர் கத்திரிக்காய்க்கே திரும்பிவிட்டார். கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. பாவம், நின்று விளக்கியிருக்கலாம். அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் இப்போது விளக்குகிறேன்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். நடக்க ஆரம்பிப்பதில் நான் கெட்டிக்காரி. நிறுத்துவதில் அதைவிடக் கெட்டிக்காரி. தை மாதம் புது ஷூ வாங்குவேன். சித்திரையில், ‘ஐயோ, இந்த வெயிலிலா?’ ஆடியில் காற்று, கண்ணெல்லாம் லாரிப் புழுதி. ஐப்பசி மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மார்கழியில் பனி, தொண்டைக் கட்டு. இப்படியே பார்த்துக்கொண்டு போனால் நடப்பதற்கு ஏற்ற மாதமே தமிழ் காலண்டரில் கிடையாது! கையில் ஸ்மார்ட் வாட்ச் வேறு. எழுந்து நட, எழுந்து நட என்று துடிக்கும். கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தூங்குவேன்.

இப்படிப்பட்ட என்னை நடக்க வைத்தவள் தனம்.

கரையான்சாவடியிலிருந்து மாங்காடு போகும் வழியில், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் அடுக்குமாடிக் கட்டிடம். நான் மூன்றாவது மாடி, தனம் எனக்கு நேர் கீழே இரண்டாவது மாடி. பாடியில் பிறந்து பாடியிலேயே வாக்கப்பட்டவள். கணவர் அங்கே ஒரு ஃபேக்டரியில் லேத் ஓட்டியவர், இப்போது இல்லை. ஒரே மகன் பிரகாஷ். ஐ.டி.யில் வேலை கிடைத்ததும் லோன் போட்டு இங்கே ஃபிளாட் வாங்கி, அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். தங்கமான பிள்ளை. அவன் தங்கமான பிள்ளையாக இருந்ததுதான் பிரச்னையே!

பங்குனியில் ஒரு நாள் விடியற்காலை லிஃப்டில் தனத்தைப் பார்த்தேன். கையில் ஒரு பை. பால் வாங்கப் போகிறாளாம். சரி, சேர்ந்து போவோம் என்று நடந்தேன். தெருமுனையில் பால் பூத் இருக்கிறது. தனம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கூல் காம்பவுண்டைத் தாண்டி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, இன்னும் இரண்டு நகர்களைத் தாண்டி, அந்தக் கோடியில் இருக்கும் பூத்தில் போய் நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியது. ஏன் இவ்வளவு தூரம் என்றால், இங்கேதான் பால் திக்காக இருக்குமாம்.

இரண்டு பூத்துக்கும் ஒரே வேன்தான் பால் இறக்குகிறது. தெருமுனையில் இறக்கிவிட்டு அது இந்தப் பக்கம் வருவதை என் பால்கனியிலிருந்து தினமும் பார்க்கிறேனே! அதைச் சொன்னேன்.

தனம் சிரித்துவிட்டாள். தனக்கும் தெரியும் என்றாள். அப்புறம் மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவளுக்கு சர்க்கரை. மாத்திரைக்கு அடங்கவில்லை. தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். “ஊசின்னா எனக்கு அல்லு உட்ரும்க்கா” என்றாள்.

அன்றிலிருந்து நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன். சித்திரையில் வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பினோம். அப்படியும் திரும்பி வரும்போது புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆடிக் காற்றில் முந்தானையைத் தலையோடு சுற்றிக்கொண்டு கண்ணை இடுக்கிக்கொண்டு போனோம். ஒரு நாள்கூட நிற்கவில்லை. எப்படி நிற்க முடியும்? கேட்டுக்குப் பக்கத்தில் பையோடு தனம் நிற்பாள். வீட்டில் காபிக்குப் பால் வேண்டும். சோம்பலாக இருக்கிறது என்று பாலிடம் சொல்ல முடியுமா?

ஐப்பசி வந்தது. அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, குடையோடு கேட்டில் நெடுநேரம் நின்றேன். தனம் வரவில்லை. உடம்புக்கு என்னவோ ஏதோ என்று மேலே போனேன். அவள் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பால் பாக்கெட்.

தனம் கதவைத் திறந்தாள். மழையில் அம்மா அலையக் கூடாது என்று பிரகாஷ் மொபைல் ஆப்பில் போட்டுவிட்டானாம். இனிமேல் தினமும் வாசலுக்கே வந்துவிடுமாம். சொல்லும்போது பிள்ளையை நினைத்து அவளுக்குப் பெருமைதான். முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

மழை இரண்டு நாளில் விட்டது. பால் விடவில்லை. அது பாட்டுக்கு தினமும் வாசலில் வந்து தொங்கியது.

பால் இல்லாவிட்டால் என்ன, சும்மா நடந்துவிட்டு வருவோம் வா என்று கூப்பிட்டேன். ஏதோ செய்யக் கூடாததைச் செய்யச் சொன்ன மாதிரி பார்த்தாள்.

“சும்மா எப்டிக்கா போறது? பால் வாங்கத்தான் போய்கினு இருந்தேன். இப்ப பாலே ஊட்டுக்கு வந்துகினு கீது. நான் இன்னாத்துக்குனு சொல்லிகினு போவேன்?”

நடக்கப் போகிறேன் என்று சொல்லேன் என்றேன்.

“கையில ஒண்ணுமில்லாம வெளிய போனா ஊர் சுத்தறான்னு சொல்லுவாங்கக்கா.”

யார் சொல்வார்கள்? இந்தக் கட்டிடத்தில் எதிர்வீட்டில் இருப்பவர் பெயரே யாருக்கும் தெரியாது. ஆனால் தனத்தோடு தர்க்கம் பண்ணிப் பயனில்லை. பாடியில் அவள் இருந்த சந்தில் குழாயடிக்குப் போனால் இடுப்பில் குடம். ரேஷனுக்குப் போனால் பை. ஃபேக்டரி கேட்டுக்குப் போனால் கையில் கணவரின் சாப்பாட்டுக் கேரியர். வெறுங்கையோடு தெருவில் இறங்கியதே இல்லை அவள். இறங்கினால், ‘எங்க ஊர் சுத்தக் கிளம்பிட்டா?’ என்று நாலு ஜன்னல் கேட்கும்.

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் தெருமுனையில் தினமும் காலையில் லுங்கியோடு ஆண்கள் நிற்கிறார்கள். டீ குடித்து முடித்த பிறகும் நிற்கிறார்கள். எதற்கு நிற்கிறாய் என்று யாராவது கேட்டதுண்டா? அதே இடத்தில் ஒரு பெண் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்க்கட்டும்... யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்க ஒருவராவது வந்துவிடுவார்.

சரி, சும்மா போக மாட்டாள், அவ்வளவுதானே? காரணம் கண்டுபிடித்துக் கொடுப்போம் என்று இறங்கினேன். கீரை வாங்கப் போவதாகச் சொல் என்றேன். சொன்னாள். மறுநாள் பால் பையில் கீரைக்கட்டும் சேர்ந்து வந்தது. பூ வாங்கப் போவதாகச் சொல் என்றேன். வாழை இலையில் சுற்றிய பூவும் வந்தது. இதென்னடா வம்பு என்று, மாங்காட்டு அம்மனுக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டேன் என்று சொல்லச் சொன்னேன். “நடந்தெல்லாம் எதுக்கும்மா? அம்மன் கோச்சிக்க மாட்டா, நான் கார்ல இட்டுகினு போறேன்” என்று சொல்லிவிட்டான் பிள்ளை. போய்ச் சுகமாக தரிசனம் பண்ணிவிட்டு வந்தார்கள்.

இந்த அமர்க்களத்தில் நானும் நடக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கார்த்திகையில் தனத்துக்கு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. கடைசியாக ஒரு மாதம் பார்க்கலாம், அதற்குள் இறங்காவிட்டால் ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டர். என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து தனம் அழுதாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பேசாமல் அந்தப் பாலை நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே என்று கத்திவிட்டேன்.

“எப்டிக்கா சொல்வேன்? இத்தினி வருஷம் நான் அவனுக்குச் செஞ்சேன். இப்பதான் அவன் எனக்கு ஆசையா ஒண்ணு செய்றான். அத்தப் போயி வாணான்னு சொல்ல மனசு வரலக்கா.”

தப்பு யார் மேல்? அம்மா மேலும் இல்லை, பிள்ளை மேலும் இல்லை. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள். நடுவில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் பிரகாஷே என்னைத் தேடி வந்துவிட்டான். முகம் வாடியிருந்தது. அம்மா ஏன் நடக்கவே மாட்டேன் என்கிறார் என்று தெரியவில்லை, ஷூ வாங்கிக் கொடுத்தேன், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, வீட்டிலேயே ட்ரெட்மில் வாங்கிப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றான். நாக்கு நுனி வரைக்கும் உண்மை வந்துவிட்டது. தனத்தின் முகம் ஞாபகம் வர, விழுங்கிவிட்டேன்.

“தம்பி, எனக்கு ஒரு உதவி பண்றியா? இந்தத் தெரு நாய்ங்களைப் பார்த்தா எனக்கு பயமா இருக்கு. தனியா நடக்க முடியல. அம்மாவைக் கொஞ்சம் துணைக்கு அனுப்பேன்” என்றேன்.

மறுநாள் காலை எனக்கு முன்னால் கேட்டில் நின்றாள் தனம். கையில் பிரகாஷின் பெரிய குடை. நாயை விரட்டவாம்!

எங்கள் தெருவில் இருப்பது ஒரே ஒரு நாய். கிழடு. நாங்கள் பக்கத்தில் போனதும் அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. தனம் நாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “இத்தப் பாத்தா பயம்?” என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. குடையை நன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து ஒரு நாளும் விடவில்லை. ரோட்டில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போனோம். தூறலில் நனைந்துகொண்டு போனோம். நாயை விரட்டும் குடையை மழைக்குப் பிரிக்கலாம் என்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தோன்றியது.

‘உனக்காக நட, உன் உடம்புக்காக நட’ என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நானும் இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நம் வீட்டுப் பெண்களிடம் அது எடுபடுவதில்லை. தனக்காக என்றால் வாசல் வரைக்கும்கூட வர மாட்டார்கள். இன்னொருத்தருக்குத் துணையாக என்று சொல்லிப் பாருங்கள்... காஞ்சிபுரம் வரைக்கும் நடப்பார்கள்.

மார்கழி பிறந்தது. வாசலெல்லாம் கோலம், கோயில் ஸ்பீக்கரில் பாட்டு. தனத்துக்கு மறுபடி பரிசோதனை. சர்க்கரை இறங்கியிருந்தது. ஊசி இப்போதைக்கு வேண்டாம், நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றாராம் டாக்டர். பிரகாஷ் ஓடி வந்து எனக்கு நன்றி சொன்னான். எனக்கு நாய் பயம் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று உருகினான். நானும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டேன்.

முந்தாநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உடம்பும் கொஞ்சம் கதகதவென்று இருந்தது. நாளைக்கு நான் வரவில்லை என்று தனத்துக்கு போன் பண்ணிச் சொன்னேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. பரிசோதனையும் முடிந்துவிட்டது. பாலும் வாசலுக்கே வருகிறது. துணைக்கு நானும் இல்லை. நாளைக்கு நின்றால் இவள் நின்றதுதான் என்று அடித்துக்கொண்டது. அதற்காக நான் போய்விடவும் இல்லை.

நேற்று விடியற்காலை பழக்க தோஷத்தில் விழிப்பு வந்துவிட்டது. ஷாலைப் போர்த்திக்கொண்டு, கையில் சுக்குக் காபியோடு பால்கனியில் நின்றேன். நல்ல பனி. தெரு விளக்குகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

கீழே கேட் திறக்கும் சத்தம். தனம்!

கையில் பை இல்லை. குடை இல்லை. இரண்டு கையையும் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொண்டாள். அப்புறம் முன்னால் கொண்டுவந்து முந்தானை நுனியைப் பிடித்தாள். அதையும் விட்டாள். எனக்குக் கீழே, அவள் வீட்டு பால்கனியிலிருந்து பிரகாஷின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கம்.

“எங்கம்மா போற? பாலு வந்துட்ச்சே... ஆன்ட்டியும் இன்னிக்கு வரலையே?”

தனம் நின்றாள். நான் காபியைக் குடிக்காமல் நின்றேன். சொல்லேன் தனம், ஏதாவது ஒரு காரணம் சொல்லேன் என்று எனக்கு மனசுக்குள் பதற்றம்.

அவள் நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தாள்.

“நடக்க” என்றாள். “சும்மாதான். நடந்துட்டு வரேன்.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போய்க்கொண்டே இருந்தாள். ஸ்கூல் காம்பவுண்டு திரும்புவதற்குள் இரண்டு கையும் தாராளமாக வீசத் தொடங்கிவிட்டன.

சுக்குக் காபியை அப்படியே வைத்துவிட்டு ஷூவைத் தேடி ஓடினேன். துணை இல்லாமல் எனக்கு நடக்க வராதே!