தீவில் ஒன்றரை நாள்

ஒரே வாரத்தில் இலங்கைக்குப் போய்த் திரும்ப வேண்டும், செலவும் கை மீறக்கூடாது என்று எலிசாள் சொன்னபோது பகவதிப்பெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆரியசாலையில் கொப்பரை மொத்தக்கடையில் கணக்குப்பிள்ளை அவர். கடை வேலையாக நாலைந்து தடவை கொழும்புக்குப் போய்வந்தவர். எலிசாள் அதே தெருவில் குடியிருந்த தையல் டீச்சர். பள்ளியில் அவளுக்குக் கிடைத்த விடுப்பு ஒரு வாரம்தான்.

அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். திங்கள் மாலை ரயில். செங்கோட்டை வழியாக மதுரை. அங்கிருந்து தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், வியாழன் காலை கொழும்பு.

“போக மூணு நாளு, வர மூணு நாளு. தீவுல கால் ஊன்றி நிக்க உங்களுக்கு ஒண்ணரை நாளுதான் உண்டும், டீச்சரம்மா.”

“அது போரும் அண்ணாச்சி. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வரத்தானே போறேன்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

பத்து வருஷத்துக்கு முன்பு, போரின்போது கொழும்பில் குண்டு விழுந்த ஏப்ரல் மாதத்தில், ஊரே ரயிலுக்கு ஓடியது. எலிசாளின் கணவன் நேசையன் அங்கே துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தான். அவனுக்கு விடுப்பு இல்லை. அவளையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பச் சீட்டு வாங்கியிருந்தான். புறப்படும் அன்று ஒரு வயதுக் குழந்தை நேசமணிக்கு மணல்வாரி போட்டது. அம்மை கண்ட குழந்தையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். “நீ மூத்தவளோட போ. இவளுக்குக் குணமானதும் நான் கொண்டு வாரேன்” என்று நேசையன் சொன்னான். அவள் நான்கு வயது அம்மிணியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள்.

அவன் வரவில்லை. மறுவருஷம் காய்ச்சலில் இறந்துபோனதாகக் கடிதம்தான் வந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமாவதி வைத்திருந்தாள். பிறகு அவளும் வீடு மாறிப்போனாள். எலிசாள் எழுதிய கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்தன. ஐம்பத்தொன்றில்தான், கொழும்பை அடுத்த மொறட்டுவையில் ஒரு தமிழ்க் கடைக்காரர் சோமாவதிக்காக எழுதிய கடிதம் வந்தது. பிள்ளை சுகம், பள்ளிக்கூடம் போகிறாள் என்று இருந்தது.

அன்றுமுதல், வழிச்செலவுக்குக் காசு சேர்க்க, எலிசாள் பஸ் ஏறவில்லை. பள்ளிக்கு நடந்தே போய் வந்தாள். இப்போது போவதற்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டியிருந்தன. மனு எழுதிக் கொடுத்ததும், எந்த ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் பகவதிப்பெருமாள்தான். நேசமணியின் பெயரும் தாயின் பாஸ்போர்ட்டில் சேர்ந்தது. சாப்பாட்டுச் செலவுக்குப் பதில் அவலும் கருப்பட்டியும். மதுரையில் ஸ்டேஷனிலேயே இருந்துகொள்வது. கொழும்பில் விடுதி வேண்டாம், சோமாவதி வீட்டிலேயே தங்கலாம். அம்மிணியும் வருகிறேன் என்று அழுதாள். அவளைக் கூட்டிப்போனால் தங்கைக்குத் திரும்பும் சீட்டு எடுக்கப் பணம் இருக்காது. மார்ச் வந்தால் நேசமணிக்குப் பன்னிரண்டு வயது, அப்புறம் அரைச் சீட்டு கிடையாது. அதனால் டிசம்பரிலேயே கிளம்பினாள்.

வழியில் எதுவும் தவறவில்லை. எழுதிக் கொடுத்தபடி வியாழன் காலை கொழும்பில் இறங்கி, கடலோரமாகப் போகும் ரயிலில் மொறட்டுவை சேர்ந்தாள். சோமாவதி தன் அண்ணனின் தச்சுப்பட்டறைக்குப் பின்னால் இருந்தாள். முடி நரைத்திருந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முற்றத்தில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

“நேசமணி” என்று எலிசாள் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

“குசுமா” என்றாள் சோமாவதி. திரும்பினாள்.

முன்பே சொல்லி வைத்திருந்தார்கள் போலும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வெற்றிலையைக் கொடுத்து, மண்டியிட்டு, வீட்டுக்கு வரும் பெரியவர்களைக் கும்பிடுவதுபோல எலிசாளைக் கும்பிட்டாள். எழுந்ததும் சோமாவதியின் பின்னால் போய் நின்று சிங்களத்தில் ஏதோ கேட்டாள். என்ன கேட்கிறாள் என்று எலிசாள் விசாரித்தாள். சோமாவதி சொல்லத் தயங்கினாள். எலிசாள் விடவில்லை.

“அது... நீங்க எப்ப போறது எண்டு கேக்குது.”

அன்று முழுவதும் எலிசாள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேசையனின் காது, நேசையனின் நடை. தமிழில் ஒரு சொல்லும் அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சோமாவதி ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். உடுப்பும் பள்ளிப் புத்தகங்களும் அதில் இருந்தன. அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. “உங்கட பிள்ளை. கொண்டு போங்க” என்றாள்.

பெட்டியைக் கண்டதும் பெண் பட்டறைக்குள் ஓடினாள். தச்சு மேசைக்கு அடியில், சீவல் சுருள்களுக்கு நடுவே புகுந்து, மேசைக்காலைக் கட்டிக்கொண்டாள். சோமாவதியின் அண்ணன் குனிந்து அவள் கையை விலக்கப் பார்த்தான். அவள் கத்தவில்லை. பிடியை இன்னும் இறுக்கினாள்.

எலிசாள் அவனை விலகச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அம்மிணியைப் பற்றிச் சொன்னாள், அப்பாவைப் பற்றிச் சொன்னாள், அன்றைக்கு உனக்கு உடம்பெல்லாம் நெருப்பாய்ச் சுட்டது என்று சொன்னாள். அவளுக்குப் புரியாது என்று தெரிந்தே சொன்னாள். பெண்ணின் பிடி தளரவில்லை. வெகுநேரம் கழித்து எலிசாள் எழுந்தாள்.

“பெட்டிய எடுத்து உள்ள வையும்” என்றாள் சோமாவதியிடம். “ஒரு தாய விட்டு ஒருக்கப் பிரிஞ்சாச்சு அவ. ரெண்டாமதும் பிரிக்க எனக்கு மனசில்ல.”

சோமாவதி அவள் காலில் விழப் போனாள். எலிசாள் தடுத்துப் பிடித்துக்கொண்டாள். புறப்படும்வரை பெண் மேசைக்கு அடியிலிருந்து வரவில்லை.

திங்கள் காலை ஊரில், தம்பானூர் ஸ்டேஷனில் அம்மிணி காத்திருந்தாள். அம்மா இறங்கிய பிறகும் ரயில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அவள் எவிடே, அம்மா?”

“அவ வீட்டுல இருக்கா, மக்கா.”

அம்மிணி மூட்டையை வாங்கிக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள். பழவங்காடி வரை எலிசாள் நன்றாகத்தான் நடந்து வந்தாள். அங்கே, கோயிலுக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுமாக இருந்த தெருவின் நடுவே நின்று, சத்தம் போட்டு அழத் தொடங்கினாள். ஆட்கள் விலகி இருபுறமும் போனார்கள். அம்மிணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.