கடுகளவு வெளிச்சம்

துடியலூரில் சாலைக்குத் தார் காய்ச்சும் வாசனை பேருந்துக்குள் வந்தால், என் வலது குதிகால் தானாகவே தரையை அழுத்திக்கொள்கிறது. இன்று பாலம் நிற்கும் பவானி ஆற்றுத் துறையில், தண்ணீர் வற்றிய கோடையில், அப்பா தன் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு, மூங்கில் பின்னலின் மேல் போர்த்திய சாக்குக்குப் புதுத் தார் பூசுவார். காய்ந்ததும் நான் அடியில் ஊர்ந்துபோய், அந்த இருட்டில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் வரும் இடத்தில் தண்ணீரும் வரும்.

அந்த வருஷம் கடுகளவு வெளிச்சம் ஒன்று தெரிந்தது. சொன்னால் மறுபடி பூசி, காயவைத்து, மறுபடி உள்ளே அனுப்புவார். புழுக்கத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

"ஒண்ணுமே தெரியலீங்கப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் தினமும் உண்மையைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே கோடை போய்விட்டது. மலைப்பக்கம் இடி இடித்தாலே ஓடிப்போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவேன். ஆடியில் புதுத் தண்ணீர் வந்தது.

"ஓட்டை பாத்தவதான் மொதல்ல ஏறோணும், வா கண்ணு" என்றார் அப்பா. எங்கள் துறையில் அதுதான் வழக்கம். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். நான் அந்த இடத்தைத் தேடிக் குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டேன். ஆறு சில்லென்று அதைத் தொட்டுக்கொண்டேயிருந்தது.

அக்கரையில் எல்லோரும் இறங்கினார்கள்.

"எறங்கு கண்ணு, அத்தை ஊட்ல இருந்துபோட்டு சாயங்காலமா வா" என்று அப்பா கை நீட்டினார்.

அவர் தனியாகத் திரும்ப வேண்டும். நான் இறங்கவில்லை.