அய்யாக்குட்டியும் பெருமூச்சு வால்வும்

தென்காசியில் குற்றாலம் ரோட்டில் அய்யாக்குட்டி ஒர்க்‌ஷாப் வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. லாரி, பஸ், அம்பாசிடர், ரைஸ்மில் எஞ்சின் என்று எது வந்தாலும் திருப்பி அனுப்பமாட்டார். வண்டியை ஏற்றுக்கொள்வார், வண்டிக்காரனை ஏசுவார். “சவம், இத ஓட்டுதியா, உழுதியா?” என்றபடியே ஸ்பானரை எடுப்பார். ஏச்சு வாங்கினாலும் வேலை சுத்தமாக இருக்கும் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பெயர்தான் எண்பத்தாறாம் வருஷ சாரல் சீசனில் அவரைப் படுத்தி எடுத்தது.

செங்கோட்டை பரீது ஏழு வருஷம் துபாயில் இருந்துவிட்டு, ஒரு ஜப்பான் காரோடு ஊர் திரும்பியிருந்தான். டர்போ வைத்த வண்டி. மேட்டில் இழுக்கவில்லை என்று திருநெல்வேலிக்குக் கொண்டுபோனதில், இரண்டு மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்களாம். அதைக் கேட்டதும் அய்யாக்குட்டிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அணைக்கட்டு வேலைக்கு வந்த மண்வாரி எஞ்சினில் அவர் டர்போவைக் கழற்றி மாட்டியிருக்கிறார். புகை போகிற வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும், அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அவ்வளவுதானே?

கோளாறை அரைமணியில் கண்டுபிடித்துவிட்டார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினின் காற்றுவாசல் மூடிக்கொள்ளும். அமுங்கி வந்த காற்று முட்டிக்கொண்டு நிற்கும். அதை மறுபடி டர்போவின் வாய்ப்பக்கமே திருப்பிவிட ஒரு சின்ன வால்வு இருந்தது. அதற்குள் இருந்த ரப்பர் ஜவ்வு கிழிந்து காற்று ஒழுகிக்கொண்டிருந்தது.

“ஜவ்வ மாத்துனா போதும்” என்றார்.

பரீது ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தான். நீல நிறத்தில் பளபளவென்று வேறொரு வால்வு. “அண்ணாச்சி, இத மாட்டுங்க. காத்த வெளிய விடும். காலை எடுத்தா உஸ்ஸுன்னு பெருமூச்சு விடும் பாருங்க. துபாய்ல எல்லாவனும் இதத்தான் மாட்டுதான்.”

“சத்தத்த வச்சு என்னடே செய்யப்போற?”

“சீசனுக்கு வந்த கூட்டம் பூரா திரும்பிப் பாக்கும்லா!”

மாட்டினார். மறுநாளே வண்டி திரும்பி வந்தது. நின்ற இடத்தில் குலுங்கிக் குலுங்கி அணைந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் இளசு. எஞ்சின் சும்மா ஓடும்போதே வால்வு திறந்து வெளிக்காற்றை உறிஞ்சியது. கெட்டி ஸ்பிரிங்காகத் தேடிப் போட்டார். இப்போது வால்வு திறக்கவே இல்லை. காலை எடுத்தால் புறா சிறகடிப்பதுபோல் படபடவென்று அடித்தது. காற்று திரும்பிப்போய் டர்போ சக்கரத்தில் மோதுகிற சத்தம் அது.

“இது உஸ்ஸுன்னு இல்லையே அண்ணாச்சி” என்றான் பரீது.

“ஒன் டர்போ சாவுது, நீ ராகம் சரியில்லங்கியே!”

மூன்றாவதாக மொபெட் ஸ்பிரிங் ஒன்றை நறுக்கி வைத்து, வால்வின் தலையிலிருந்த திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பியதில் அந்த உஸ் வந்தது. பரீது கைதட்டினான். ஆனால் ஒவ்வோர் உஸ்ஸுக்கும் பின்னால் கறுப்புப் புகை வந்தது. எஞ்சின் ஒரு முக்கு முக்கிவிட்டுத்தான் நிதானத்துக்கு வந்தது. காரணம் அய்யாக்குட்டிக்குப் புரிந்தே இருந்தது. உள்ளே வரும் காற்றை அளந்துதான் அந்த வண்டி பெட்ரோலை விடும். அளந்த காற்றை வெளியே கொட்டினால் பெட்ரோல் மட்டும் அதிகமாகி எஞ்சின் அணைந்தாலும் அணையும். தெரிந்தும், “ஓட்டிப் பாப்போம்” என்று பரீதின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மூன்று நாள் மல்லுக்கட்டிய அலுப்பு ஒரு பக்கம். திருநெல்வேலிக்காரர்கள் தொடாததைத் தொட்டு முடித்த வீம்பு ஒரு பக்கம்.

ஐந்தருவி போகிற ரோடு சாரலில் நனைந்து கிடந்தது. வளைவில் கூட்டத்தைக் கண்டதும் பரீது காலை எடுத்தான். உஸ்ஸென்றது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எஞ்சின் அணைந்தது. எஞ்சின் பலத்தில் திரும்புகிற ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. பதறிப்போய் அவன் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்ததில் அதுவும் கட்டையாகிவிட்டது. வண்டி நேரே சொக்கம்மாளின் பழக்கடைப் பந்தக்காலைச் சாய்த்துவிட்டு நின்றது. மங்குஸ்தான் பழங்கள் ரோடெல்லாம் உருண்டன. சொக்கம்மாள் மயிரிழையில் தப்பினாள்.

அவள் பரீதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக அய்யாக்குட்டியிடம் வந்தாள்.

“அவன் சின்னப்பய, ஆட்டம் போடுதான். மெக்கானிக்கு நீரு. வண்டி நின்னுபோவும்னு ஒமக்குத் தெரியுமா, தெரியாதா?”

பதினெட்டு வருஷமாக ஊரை ஏசிய வாயால் “தெரியும்” என்றார். குனிந்து பழங்களைப் பொறுக்கினார். பந்தக்காலை அவரே நட்டுக்கொடுத்தார். சொக்கம்மாள் அதற்கும் ஏசினாள், கோணலாக இருக்கிறதென்று.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் பரீதைக் கேட்காமலே நீல வால்வைக் கழற்றினார். அம்பாசிடர் பெட்ரோல் பம்ப்பின் ஜவ்வை வட்டமாக வெட்டி, பழைய வால்வுக்குள் வைத்து, மூடியைக் கவ்வவைத்தார். வாயால் உறிஞ்சிப் பார்த்தார், காற்று ஒழுகாமல் பிடித்துக்கொண்டு நின்றது. ஆரியங்காவு மலையேற்றத்தில் கார் சிட்டாகப் பறந்தது. புகை இல்லை, குலுங்கல் இல்லை.

இறங்கியதும் பரீது தலையைச் சொறிந்தான். “வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா அந்தச் சத்தம்...”

“ஏலே மூதி! சத்தம் வேணும்னா ஜன்னல் வழியா நீயே உஸ்ஸுன்னு சொல்லிக்கிட்டுப் போ!”

பரீது துபாய்க்குத் திரும்புகிறபோது காரைக் கொல்லத்து டாக்டர் ஒருவருக்கு விற்றான். ரொம்ப வருஷம் ஓடியதாகக் கேள்வி. அய்யாக்குட்டிக்குத்தான் விடிவு இல்லை. பந்தக்கால் சாய்ந்தது ஊருக்கு மறந்துபோய், உஸ் மட்டும் நினைவில் நின்றுவிட்டது. அடுத்த சீசனில் டாக்ஸிக்கார மாடன் தன் அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“அண்ணாச்சி, நம்ம வண்டிக்கும் அந்தப் பெருமூச்சு வச்சுத் தாங்க.”

“ஒன் வண்டில டர்போவே கெடையாதுலே.”

“அது கெடக்கட்டும். சத்தம் மட்டும் போதும்.”

அய்யாக்குட்டி தரையில் சாக்பீஸால் எஞ்சின் படம் போட்டுக் கால்மணி நேரம் விளக்கினார். மாடன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, “அப்ப வண்டிய எடுக்கச் சாயங்காலம் வரட்டுமா?” என்றான்.