காலி வண்டியின் நடுக்கம்

டிரைவர் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது தொழிலில் நான் வைத்திருந்த கொள்கை. பிரேக் பிடிக்கவில்லை என்பார்கள். பார்த்தால் பெடலுக்கடியில் தண்ணீர் பாட்டில் உருண்டு கிடக்கும். எங்கோ லொடலொடவென்று சத்தம் வருகிறது என்பார்கள். சீட்டுக்குப் பின்னால் ஜாக்கி கழன்று கிடக்கும். மட்டாஞ்சேரியில் பட்டறை போட்டதிலிருந்து இதையே பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. அந்தத் திமிரில் என் மச்சினனின் பிழைப்பைக் கெடுத்தேன்.

என் மனைவியின் தம்பி அவன். போடிக்காரன். பள்ளுருத்தியில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். மிளகு, ஏலம், சுக்கு என்று மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளியிடம் நான்தான் அவனை டிரைவராகச் சேர்த்துவிட்டேன். மழைக்காலத்தில் எஸ்டேட் பாதையில் சாதாரண வண்டி ஏறாது என்பதால் அந்த முதலாளி ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்று வைத்திருந்தார். விடியற்காலையில் அதை இடுக்கி மலைக்கு ஓட்டிப்போய், சரக்கு ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பி வர வேண்டும். இதுதான் வேலை. சேர்த்துவிடும்போதே, "நம்ம சொந்தக்காரன்னு பாக்காதீங்க முதலாளி, தப்பு பண்ணினா நானே அவன் பக்கம் நிக்க மாட்டேன்" என்று ஒரு பேச்சுப் பேசி வைத்தேன். யாரும் கேட்கவில்லை. பெருமைக்குச் சொன்னது. பிறகு அந்தப் பெருமையைக் கட்டிக் காக்க வேண்டியதாகிவிட்டது.

எங்கள் பஜாரில் பழைய வியாபாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வெறுமனே வாசலை விட்டு இறங்கக் கூடாது. வெறும் வண்டி போனால் வியாபாரமும் வெறுமையாகும் என்று பயம். மலைக்குப் போகும்போது ஏற்ற ஒன்றும் இருக்காது என்பதால், பெயருக்கு ஒரு கட்டு காலிச் சாக்கைத் தூக்கிப் போடுவார்கள். என் பட்டறைக்கு அனுப்பும்போது கதை வேறு. ஜூ டவுனில் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கோ எர்ணாகுளத்துக்கோ போக வேண்டிய மூட்டைகளை முதலில் ஏற்றிவிட்டு, "போற வழிதானே, ஆசானைப் பார்த்துட்டுப் போ" என்பார்கள். ஆசான் என்றால் நான்தான், பஜாரில் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனால் என்னிடம் வந்தபோதெல்லாம் அந்த பிக்கப் வயிறு முட்டத்தான் வந்திருக்கிறது.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்ற வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் போட்டுக் கொடுத்தேன். நல்ல வேலை, பாரம் ஏற்றினால் பின்பக்கம் தொங்காமல் நின்றது. காலியாக இருக்கும்போது மட்டும் வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். அது அப்படித்தான் நிற்கும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் மச்சினன் ஆரம்பித்தான். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மாமா, வெறும் வண்டியில அறுபதத் தொட்டா சீட்டுக்கடியில கிடுகிடுன்னு ஆடுது" என்றான். சரி பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் சொன்னான். பட்டறைக்கு வந்து சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும் வழியில் சொன்னான். அன்றைக்கு ஒரு வார்த்தையைக் கூடச் சேர்த்துக்கொண்டான்: "பட்டை போட்ட பெறகுதான் மாமா இப்படி." எனக்குச் சுருக்கென்றது. நேற்று ஸ்டியரிங் பிடித்தவன் என் வேலையில் குறை சொல்கிறானே என்று எரிச்சல். "ஓட்டத் தெரிஞ்சா ஆடாது" என்று வாயை அடைத்தேன்.

ஆட்டத்துக்குப் பயந்து அவன் மெதுவாக ஓட்டினான். அதனால் எஸ்டேட்டுக்குத் தாமதமாகப் போனான். தாமதமாகப் போனதால் நல்ல சரக்கை வேறு ஆள் ஏற்றிக்கொண்டு போனான். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் முதலாளி பொறுத்திருப்பார். ஆனால் அந்த எஸ்டேட்டுக்கு அந்தப் பக்கம் மலை இறங்கினால் போடி. இவன் வண்டியை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டு வருகிறான் என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். அவருக்கும் அது பொருத்தமாகத் தோன்றியிருக்கிறது.

ஒருநாள் அவரே வண்டியோடு பட்டறைக்கு வந்துவிட்டார். மச்சினன்தான் ஓட்டி வந்தான். வழக்கம்போலப் பின்னால் நிறையச் சுக்கு மூட்டை. பக்கத்துக் கடைக்காரர்கள், சாயா குடிக்க வந்தவர்கள் என்று நாலு பேர் நின்றார்கள்.

"ஆசானே, நீ பறயு. வண்டிக்குக் கொழப்பம் உண்டோ இல்லையோ? இவன் எப்பப் பார்த்தாலும் நடுங்குது, நடுங்குதுன்னு சொல்றான்" என்றார் முதலாளி.

மச்சினன் என்னைத் தனியாக இழுத்து, "மூட்டைய எறக்கிட்டு ஓட்டிப் பாருங்க மாமா, அப்பத்தான் தெரியும்" என்றான். எங்கள் ஊரில் ஒரு மூட்டையை இறக்க வேண்டுமென்றாலும் யூனியன் சுமட்டுக்காரர்களைக் கூப்பிட வேண்டும். நாமே கை வைத்தால் வம்பு. இவனுக்காக அந்த வம்பா என்று தோன்றியது. தொழில்காரன் சொல்லும் நியாயமும் ஒன்று கைவசம் இருந்தது. பாரம் ஏற்றினால் எந்தக் கோளாறும் பெரிதாகும், பாரத்தில் ஆடாத வண்டி காலியில் எப்படி ஆடும்? அதையே சொல்லிவிட்டு மூட்டைகளோடு வண்டியை எடுத்தேன். தோப்பும்படிப் பாலம் தாண்டி ஐலண்ட் ரோட்டில் விரட்டினேன். அறுபது, எழுபது, எண்பது. ஒரு அசைவு இல்லை.

திரும்பி வந்து இறங்கியதும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வண்டியில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். எனக்குச் சொந்தக்காரனைத் தாங்கிப் பிடிக்காதவன் என்ற பெயர் வேண்டியிருந்தது. "வண்டிக்கு ஒரு கேடும் இல்ல முதலாளி. மலைக்குளிருல இவனுக்குத்தான் நடுக்கம். ஒரு கம்பளி வாங்கிக் குடுங்க" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்காமல் என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று மச்சினனிடம் சொன்னார்.

அன்று சாயங்காலமே துணிமணியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டை விட்டுப் போனான். தேவராவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் போடிப் பையன்களோடு தங்கி, அங்கேயே சமையலறையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் என்று பெயர் பரவியபின் பஜாரில் யார் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "உங்க கூடப்பிறந்த தம்பி சொல்லியிருந்தா மூட்டைய எறக்கிப் பாத்திருப்பீங்கல்ல?" கத்தி அடக்கினேன். கத்தினேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

முதலாளி புது டிரைவர் வைத்தார். ஆலுவாக்காரர், நடுவயது, மரியாதையான சேட்டன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில், கிட்டங்கியில் சரக்கை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார். பஜார் வழக்கமெல்லாம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை போலிருக்கிறது. பின்னால் ஒரு சாக்குகூட இல்லை.

"ஆசானே, காலி வண்டி அறுபதுல போனா சீட்டுக்கடியில ஒரு விறயல்" என்றார்.

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "வாங்க சேட்டா, பார்க்கலாம்" என்று நானே சாவியை வாங்கினேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு டிரைவர் கோளாறு சொல்கிறார், ஆசான் பார்க்கப் போகிறான், அவ்வளவுதான். ஐலண்ட் ரோட்டில் ஐம்பது வரை ஒன்றுமில்லை. அறுபதில் வந்தது. கிடுகிடுவென்று சீட்டுக்கடியில், தரையில், செருப்புக்குள். அவன் சொன்ன அதே கிடுகிடு. வண்டியை ஓரம் கட்டினேன். வெயில் தாங்கவில்லையா என்று அந்த மனிதர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அதற்குப் பிறகு, வேறு ஏதாவது காரணம் கிடைத்துவிடாதா என்று தேடினேன். என் பட்டையைத் தவிர எதுவாக இருந்தாலும் சரி. நியூட்ரலில் தள்ளி ஓடவிட்டேன்; ஆட்டம் நிற்கவில்லை, எஞ்சின் காரணமில்லை. ஸ்டியரிங் அசையாமல் இருந்ததால் முன்சக்கரம் இல்லை. ஆனாலும் டயர்களை முன்பின் மாற்றிப் பார்த்தேன். எஞ்சினின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினேன். அப்படியேதான் ஆடியது. பின்பக்க ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கும் ஜாயின்ட் கிராஸைக் கையால் அசைத்துப் பார்த்தேன், தேய்மானம் இல்லை. கடைசியில் மல்லாந்து படுத்து, போனில் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து, ஷாஃப்டின் மேலும், அது போய்ச் சேரும் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் முகத்திலும் வைத்துப் பார்த்தேன். பட்டை தூக்கியதில் வண்டி உயர்ந்து, ஷாஃப்ட் தாங்க முடியாத சரிவில் போய் டிஃபரன்ஷியலில் சேர்ந்தது. அந்தச் சரிவில் சுற்றும் ஷாஃப்ட் வேகம் பிடித்தால் உதறத்தான் செய்யும். வண்டியைக் கிட்டங்கிக்கு ஓட்டிப்போய், சுமட்டுக்காரர்கள் மூட்டை ஏற்றி முடித்ததும் மறுபடி அடியில் புகுந்தேன். பாரத்தில் வண்டி அமுங்கி, சரிவு ஏறக்குறைய நேராகியிருந்தது.

பாரம் கோளாறை மூடி மறைத்திருக்கிறது. அது நான் வைத்த கோளாறு. மீன் வாங்கப் போன அன்றைக்கே அவன் சரியான இடத்தைக் கைகாட்டியிருக்கிறான். சுமட்டுக்காரர்கள் காலடியில், மண்ணில் முதுகு வைத்துப் படுத்துக்கொண்டு, வெளியே வர எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் போய், அவர் கணக்குப்பிள்ளை, சுமட்டுக்காரர்கள், புது டிரைவர் எல்லோரும் நிற்கும்போதே சொன்னேன். தப்பு என்னுடையது, அவன் எங்கும் போகவில்லை, வண்டி நிஜமாகவே நடுங்கியது என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "சாரமில்ல, போகட்டும், அவனெ வரச் சொல்லு. இன்னொரு வண்டி வாங்கப் போறேன்" என்றார். அவருக்கு அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது.

தேவராவுக்குப் போனேன். ஹோட்டலின் பின்வாசலில் காய்கறிக் கூடைகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா, சாயா குடிக்கிறீங்களா?" என்று உள்ளே போய் இரண்டு கிளாஸ் வாங்கி வந்தான். அந்த மரியாதைக்குப் பதில் அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"பட்டைதான்டா மாப்ளே. நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"சரி பண்ணிட்டீங்களா?"

"ஒரு பட்டையக் கழட்டிட்டு, ஸ்பிரிங்குக்கு அடியில ஆப்பு வெச்சு டிஃபரன்ஷியலத் திருப்பி விட்டிருக்கேன். இப்பக் காலியாப் போனாலும் ஆடல."

"நல்லது."

"முதலாளி உன்னை வரச் சொல்றாரு. எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன், தப்பு எம்பேர்லன்னு. புது டிரைவர் வந்து சொன்ன பெறகுதான் எனக்கே..."

அவன் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டான். "அவரு எத்தன தடவ சொன்னாரு மாமா?"

"என்னது?"

"வண்டி ஆடுதுன்னு. நீங்க எந்திரிச்சு வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி, எத்தன தடவ சொன்னாரு?"

கிளாஸைக் கூடைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஒரு தடவ" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். மீதிச் சாயாவைக் குடித்து முடித்தான். "அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.